வண்டியின் விலையும் அடக்கமும்

வண்டியும் வழிப்பயணமும் தமிழர் வாழ்வில் நேற்றுப் புகுந்தவை அல்ல. சங்க காலத்திலேயே நெடுவழிகளில் உமணர்தம் உப்பு வண்டிகள் வரிசை வரிசையாக ஊர்ந்து சென்றன. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஒளவையார், அவனுக்கு உவமை தேடி மலைக்கோ கடலுக்கோ செல்லவில்லை. உப்பு வண்டியின் அடியில் கட்டப்பட்டிருந்த ஒரு மரத்துண்டை எடுத்துக்கொண்டார். எருதுகளோ இளையவை; பாரமோ மிகுதி; பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று எண்ணிய உமணர், பூட்டியிருந்த அச்சுக்கு மேலாக இன்னோர் அச்சையும் வண்டியின் கீழே கட்டிச் சென்றனர். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடல் தரும் செய்தி இது.

அப்பாடலை வகுப்பில் நடத்தும்போது மாணவர்களிடம் நான் ஒரு வினா எழுப்புவதுண்டு: "அந்த வண்டியின் விலை என்ன?" சக்கரம், நுகம், அச்சு, எருது என்று அவர்கள் கூட்டிச் சொல்வார்கள். சேமஅச்சைச் சேர்ப்பவர் ஒருவர் இருவரே. வாங்கும் நாளில் கொடுப்பது விலை. வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போவதையும் கூட்டினால் வருவது அடக்கம். இவ்வேறுபாட்டை உமணர் அறிந்திருந்தனர். பெட்ரோல் காரா, மின்சாரக் காரா என்று வீட்டுக்கு வீடு விவாதிக்கும் நாமும் அதனை அறிந்துகொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

வண்டி வாழும் மண்

ஒளவை பாடிய தகடூர் இன்றைய தருமபுரி. 1965ஆம் ஆண்டு வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே விளங்கிற்று. 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் பிரிந்தன, வண்டித் தொழில் பிரியவில்லை. நாமக்கல்லின் பட்டறைகளில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளும், முட்டை ஏற்றும் வண்டிகளும் அவ்வூரின் அடையாளங்கள். சங்ககிரியின் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் மொழி தெரியாத மாநிலங்களிலும் மண்ணைத் துளைத்து நீர் காண்கின்றன. டீசல் விலை ஒரு ரூபாய் ஏறினால் தேநீர்க் கடையில் அரசியலுக்கு முன்னர் அதுவே பேசப்படும் மண் இது.

மின்சார வண்டியும் இம்மண்ணுக்கு அயலானதன்று. ஓசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. அவ்வூர்கள் இரண்டும் பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியைச் சேர்ந்தவை. டீசல் வண்டியால் வாழ்ந்த நிலத்தின் ஒரு கோடியிலேயே மின்வண்டி பிறக்கின்றது. ஆகவே, இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பொழுதுபோக்கு ஆகாது. பிழைப்பைப் பற்றிய கணக்கு ஆகும்.

அத்தாவின் கணக்கேடு

என் அத்தா சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதியவர். பள்ளி விடுமுறைகளில் அவர் அருகில் அமர்ந்து கூட்டல் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். டீசல், ஆயில், கிரீஸ், டிரைவர் படி, கிளீனர் படி, சுங்கம், ஏற்று கூலி, இறக்கு கூலி என்று வரிசையாக எழுதுவார். கடைசியில் 'டயர் தேய்மானம்' என்று ஒரு வரி. அந்த மாதம் டயர் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார்கள். வண்டிக்காரர் ஒருவர், "வாங்காத டயருக்கு எதற்கு பாய் செலவு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார். "தேயுறது இன்னைக்கு, வாங்குறதுதான் அப்புறம்" என்றார் அத்தா. இன்சூரன்ஸையும் எஃப்.சி. செலவையும் அவ்வாறே நடைகளின்மீது பகிர்ந்து எழுதுவார். மொத்தத்தை ஓடிய தூரத்தால் வகுத்தால் வருவது கிலோமீட்டர் அடக்கம். பக்கத்தின் அடியில் தேதியையும் அன்றைய டீசல் விலையையும் தவறாமல் குறிப்பார். விலை மாறினால் பழைய அடக்கம் செல்லாது என்பது அவருடைய கொள்கை.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுநெறி கற்றேன். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத செலவைக் கண்டு எழுதும் நெறியை நான் கற்றது அந்தக் கணக்கேட்டிலிருந்துதான்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் பழைய பெட்ரோல் கார் பதினைந்தாம் அகவையை நெருங்கியது. புதியது வாங்கியாக வேண்டிய நிலை. "மின்சாரக் கார்தான் வேண்டும் அத்தா, புகையே வராது" என்றாள் என் மகள். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனோ, "அவசரப்படாதீங்க மச்சான். பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சு" என்று எச்சரித்தார். இரண்டு சொற்களும் அன்பிலிருந்து பிறந்தவையே. இரண்டில் ஒன்றிலும் எண் இல்லை. நான் ஒரு புதிய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன்.

தெரிந்து செயல்வகை

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதன் முதற்குறளில் வள்ளுவர் மூன்றினை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்: ஒரு செயலால் அழியும் பொருள் எவ்வளவு, அழிந்தபின் ஆகிவருவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து கிடைக்கும் ஊதியம் எவ்வளவு. அதே அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் வினையில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்றும் உரைக்கிறார். வண்டி வாங்குவோர்க்கு இவ்விரண்டு குறள்களையும்விடச் சிறந்த வழிகாட்டி இல்லை எனலாம்.

முதலில் அழிவு. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சிறிய கார்களை எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் கார் 7 இலட்சம், மின்சாரக் கார் 10 இலட்சம் என்று கொண்டேன். வேறுபாடு 3 இலட்சம். ஆனால், தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 5 இலட்சத்துக்கு மேல் 10 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு. 7 இலட்சத்துக்கு அது 91,000 ரூபாய். மின்வண்டிக்கோ, 2019ஆம் ஆண்டுக் கொள்கையில் அளிக்கப்பட்டுப் பின் 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்ட விலக்கின்படி, அவ்வரி அன்று இல்லை. ஆகவே உண்மையான வேறுபாடு 2,09,000 ரூபாய். மின்சாரக் காரை வாங்குவோர் முதல் நாளிலேயே இவ்வளவு மிகுதியாகக் கொடுக்கிறார்.

அடுத்து, ஆகிவருவது. கல்லூரிக்குச் சென்று திரும்ப எனக்கு நாள்தோறும் 40 கிலோமீட்டர். உறவினர் வீடு, மருத்துவமனை, திருமணம் என்று மற்றவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்தால் 750 லிட்டர் வேண்டும். 2021இல் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் விலை, நான் கணக்கெழுதிய நாளிலும் நூறுக்குச் சற்று மேலேயே நின்றது. நூறு என்றே கொண்டாலும் ஆண்டுக்கு 75,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு.

மின்சாரத்தின் கணக்கு இவ்வளவு நேரானதன்று. பெட்ரோலின் முதல் லிட்டருக்கும் நூறாவது லிட்டருக்கும் ஒரே விலை. நம் வீட்டு மின்சாரமோ படிக்கட்டு. ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும். மின்சாரம் மலிவு என்று பொதுவாகச் சொல்வோர் இப்படிக்கட்டைக் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் நடப்புக்கு வந்த கட்டணத்தின்படி, இரு மாதங்களுக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100, யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500ஐத் தாண்டிவிட்டாலோ அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே மறைந்து, 101 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும். அதற்கு மேல் 6, 8, 9 என்று ரூபாய்கள் ஏறும்.

எங்கள் வீட்டில் இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 300 யூனிட் செலவாகும். அதற்குக் கட்டணம் 675 ரூபாய். காருக்கு, மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் இரு மாதங்களுக்கு 330 யூனிட் கூடுதலாக வேண்டும். மொத்தம் 630. அதற்குக் கட்டணம் 3,020 ரூபாய். வேறுபாடாகிய 2,345 ரூபாயே காரின் உணவுச் செலவு. யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 20 காசு. ஆண்டுக்குச் சுமார் 14,000 ரூபாய். படிக்கட்டைக் கணக்கில் கொண்ட பின்னரும் மின்சாரமே பெருமளவு மலிவு. கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிஞ்சுகிறது.

இவ்வளவு வேறுபாடு எவ்வாறு வந்தது? பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. சக்கரத்தைச் சேர்வது சிறுபகுதியே. மின்மோட்டாரோ பெற்றதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் இதனைக் கண்ணால் காணலாம். ஏறும்போது பேட்டரி வேகமாகக் குறைகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியைத் தடுத்தபடியே பேட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. பெட்ரோல் காரில் அவ்வாற்றல் பிரேக்கின் சூடாகக் காற்றில் கரைந்து போகும். புகையே இல்லை என்று என் மகள் சொன்னதில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். நம் மின்சாரத்தில் ஒரு பங்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. தெருவில் இல்லாத புகையில் ஒரு பகுதி அங்கே புகைபோக்கியில் இருக்கிறது.

பராமரிப்பைப் பொறுத்தவரை மின்காருக்கு எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, புகைக்குழாய் இல்லை. பிரேக்கும் மெதுவாகவே தேயும். ஆனால் வண்டியின் எடை மிகுதியாதலால் டயர் விரைவில் தேயக்கூடும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 2022 முதல் மின்வண்டிக்கு 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு எனினும், வண்டியின் விலை கூடுதலாதலால் மொத்தக் காப்பீடு கூடுதலாகவே வரும். பராமரிப்பில் மிஞ்சுவது காப்பீட்டில் போய்விடும் என்று வைத்து, இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டேன்.

பேட்டரி என்னும் சேமஅச்சு

இனி மச்சானின் அச்சத்துக்கு வருவோம். அது புறந்தள்ளத்தக்கதன்று. மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரியின் விலை. ஆழ்ந்து நோக்கின், அந்தக் கூடுதல் விலை வருங்காலப் பெட்ரோலுக்கு நாம் செலுத்தும் முன்பணம் போன்றது. பெட்ரோல் கார் தன் உணவுச் செலவை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கேட்கிறது. மின்கார் அதில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே ஒருசேரக் கேட்கிறது.

அப்பேட்டரி எத்துணைக் காலம் வாழும்? நிறுவனங்கள் பல 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் அளிக்கின்றன. அதன் நிபந்தனைகளைச் சிறிய எழுத்து என்று விட்டுவிடாமல் படித்தல் வேண்டும். பேட்டரி ஒரே நாளில் உயிர்விடுவது அரிது. அகவை ஏற ஏற அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும் என்பதே பொதுவான இயல்பு. நம் சேலத்து வெயிலும் அதற்கு நட்பானதன்று. நிழலில் நிறுத்துவது வண்டிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

விலையோ இறங்குமுகத்தில் இருக்கிறது. 1991இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்துக்கு வித்திட்ட அறிஞர் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டளவில் ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை. 2024இல் உலகச் சராசரி 115 டாலர். 24 யூனிட் கொள்ளும் சிறிய காரின் பேட்டரிக்கு இது 2,760 டாலர். இரண்டேகால் இலட்சம் ரூபாய் அளவு. மாற்றும்போது வரியும் கூலியும் இலாபமும் இதன்மேல் ஏறும்.

அத்தா டயர் தேய்மானம் எழுதியது போல நான் பேட்டரித் தேய்மானம் என்று கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எழுதிவிட்டேன். அதுவே என் சேமஅச்சு. மிஞ்சும் ஐந்து ரூபாயில் ஒன்று போக நான்கு. முதல் நாளில் கூடுதலாகக் கொடுத்த 2,09,000 ரூபாயை நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 52,000 கிலோமீட்டர். அந்த மைல்கல்லைத் தாண்டிய பின்னரே வள்ளுவர் சொன்ன ஊதியம் தொடங்கும். ஆண்டுக்கு 12,000 ஓடும் எனக்கு அது நான்கு ஆண்டு நான்கு மாதம். ஆண்டுக்கு 6,000 மட்டும் ஓடுபவருக்கு எட்டரை ஆண்டுக்கு மேல். அதற்குள் உத்தரவாதமே முடிந்துவிடும். வெள்ளிதோறும் பள்ளிவாசலுக்கும் மாதம் ஒருமுறை உறவினர் வீட்டுக்கும் மட்டும் காரை எடுக்கும் பெரியவர் ஒருவருக்குப் பெட்ரோல் காரே சிக்கனம். நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கு மின்காரே சிக்கனம். எது மலிவு என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஓட்டுபவரைப் பார்த்தே சொல்ல இயலும்.

கணக்கின் அடியில் தேதி எழுதுவதன் அருமையையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் சரக்கு-சேவை வரி, 28 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் என்றிருந்தது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மின்கார்களுக்கு 2019 முதல் 5 விழுக்காடே. வரிக்குறைப்பு முழுவதும் விலையில் இறங்கியிருந்தால், என் கணக்கிலுள்ள 7 இலட்சக் கார் 6 இலட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடி, 52,000 என்னும் மைல்கல் 69,000க்குத் தள்ளிப் போயிருக்கும். சாலைவரி விலக்கும் அத்தகையதே. வாங்கும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே நோட்டில் எழுதுதல் வேண்டும்.

மூன்று வினாக்கள்

இக்கணக்குகளையெல்லாம் வடித்துப் பார்த்தால் மின்வண்டி நம்மிடம் கேட்பன மூன்று வினாக்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறாய்? இரவில் எங்கே நிறுத்துகிறாய்? எந்தப் பணத்தில் வாங்குகிறாய்?

முதல் வினாவுக்கு விடை மேலே கண்டோம். இரண்டாவது, சுவரைப் பற்றிய வினா. என் வீட்டு வாசலில் எனக்குச் சொந்தமான சுவர் இருக்கிறது. அதில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு நல்ல எர்த்துடன் ஒரு பவர் பிளக் வைத்துக்கொள்ள முடிந்தது. இரவில் மாட்டினால் காலையில் வண்டி ஆயத்தம். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கும், வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இச்சுவர் இல்லை. பொது மின்னேற்ற நிலையத்தில் வீட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் கட்டணம் கேட்கப்படுவதுண்டு. அப்போது கிலோமீட்டருக்கு மிஞ்சும் ஐந்து ரூபாய் மூன்றரையாகச் சுருங்கும்.

மூன்றாவது, முதலைப் பற்றிய வினா. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் கூடாது என்னும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஆகவே மாதத் தவணை என்னும் வாசல் எனக்கு இல்லை. பழைய காரை விற்ற தொகை, பல்லாண்டுச் சேமிப்பு, இவற்றோடு கைகொடுத்தது எங்கள் ஆசிரியர்களுக்குள் நடந்த குலுக்கல் சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்குப் பத்தாயிரம், குலுக்கலில் பெயர் வந்தவருக்கு இரண்டு இலட்சமும் முழுமையாகக் கிடைக்கும். ஏலம் இல்லை, தள்ளு இல்லை. கொடுத்தது எவ்வளவோ பெற்றதும் அவ்வளவே. அவ்வாறு அந்த ஆண்டின் கோடையில் மின்சாரக் கார் வாங்கினேன். முதல் ஆண்டில் 12,400 கிலோமீட்டர் ஓடியது. மின்கட்டணம் என் மதிப்பீட்டைச் சில நூறு ரூபாய் தாண்டியது. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்ததும், கூடுதலாக ஓடியதும் காரணங்கள். மற்றபடி நோட்டும் சாலையும் ஒத்தே செல்கின்றன. கணக்கைப் பார்த்த மச்சான், "தேய்மானம் எழுதியிருக்கீங்க, அதனால ஒத்துக்கிறேன்" என்றார்.

ஓர் ஆட்டோவின் கணக்கு

என் கணக்கு இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் துறையில் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னைக் காண வந்தார். சேலம் கிச்சிப்பாளையத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருப்பவர்; ஆட்டோ ஓட்டுநர். "சார், பையன் சொன்னான், நீங்க கணக்குப் போட்டு வண்டி வாங்கினீங்களாம். எனக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. கரண்டு ஆட்டோ வாங்கலாமா?" என்று கேட்டார்.

இருவரும் அமர்ந்து எழுதினோம். அவர் நாள்தோறும் ஓட்டுவது 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 25 என்றால் நான்கு லிட்டர், 400 ரூபாய். மின்சார ஆட்டோவுக்கு அதே தூரத்துக்குப் பத்து யூனிட் போதும். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்; ஆகவே 100 ரூபாய். நாளுக்கு 300 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் ஓட்டினால் ஆண்டுக்கு 90,000 ரூபாய். என் காரைக் காட்டிலும் அவருடைய ஆட்டோவுக்கே மின்சாரம் மிகுந்த பயன் தரும். முதல் வினாவுக்கு அவரிடம் சிறந்த விடை இருக்கிறது.

மூன்றாவது வினாவில்தான் கணக்கு தடம் புரண்டது. பழைய ஆட்டோவை விற்று வரும் தொகை போக அவருக்கு 3 இலட்சம் வேண்டும். நிலையான மாதச் சம்பளச் சான்று இல்லாதவருக்கு வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை. தனியாரிடம் 12 விழுக்காடு பிளாட் வட்டிக்கு நான்கு ஆண்டுத் தவணை என்று எழுதினோம். வட்டி மட்டும் 1,44,000. மொத்தம் 4,44,000. மாதத் தவணை 9,250. அதை 25 நாளால் வகுத்தால் ஓடும் நாள் ஒன்றுக்கு 370 ரூபாய். மிச்சமோ 300. ஆக, எரிபொருளில் முந்நூறு மிஞ்சும் அந்த மனிதர், நாள்தோறும் எழுபது ரூபாயைத் தம் உணவிலிருந்து எடுத்துத் தவணைக்குக் கொடுக்க வேண்டும். நோட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "வண்டி மேல தப்பில்ல சார், வட்டி மேலதான்" என்று சொல்லி எழுந்தார்.

அதே பக்கத்தின் கீழே வட்டி என்னும் வரியை மட்டும் நீக்கிவிட்டு மறுமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். 3 இலட்சம் வட்டியின்றிக் கிடைத்தால், நாளுக்கு 200 ரூபாய் திருப்பிச் செலுத்தலாம். பேட்டரிக்குச் சேமஅச்சாக 50 ரூபாய் எடுத்து வைக்கலாம். மீதி 50 ரூபாய் வீட்டுக்கு. ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தே ஆண்டில் கடன் தீரும். அதன்பின் நாளுக்கு 250 ரூபாய் அவருடையது, ஆண்டுக்கு 75,000. வண்டி அதே வண்டி. தெருவும் அதே தெரு. ஒரு வரியை நீக்கியதும் இழப்பு ஊதியமாகிறது.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாள் முழுதும் ஓடுவோருக்கே மின்வண்டி மிகுந்த மிச்சம் தரும். ஆட்டோ ஓட்டுநர், பால் வண்டிக்காரர், வீடுவீடாகப் பொருள் சேர்க்கும் இளைஞர் ஆகியோரே நாள் முழுதும் ஓடுகிறவர்கள். முன்பணமும் சொந்தச் சுவரும் இல்லாதவர்களும் பெரும்பாலும் அவர்களே. வாரம் ஒருமுறை வண்டியை எடுக்கும் நம்மில் பலரிடமோ அவ்விரண்டும் இருக்கின்றன. பயன் ஒரு பக்கமும் முதல் மறுபக்கமும் நிற்கின்றன. இடையில் ஒரு பாலம் வேண்டும்.

அப்பாலம் நமக்குப் புதியதன்று. திருப்பித் தரும் தொகையில் ஒரு காசும் கூடுதலாகக் கேளாத அழகிய கடனை, கர்ளன் ஹஸனாவை, நம் மார்க்கம் நெடுங்காலமாகப் போதித்து வருகிறது. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அவ்வாறு உதவும் பெரியோர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பிழைப்புக்கான வண்டிக்கும் அதனை விரித்தல் தகும் என்பது என் பணிவான வேண்டுகோள். பத்துப் பேர் சேர்ந்து 3 இலட்சம் திரட்டி ஓர் ஓட்டுநருக்குக் கொடுத்தால், நாளுக்கு 200 வீதம் அது திரும்பி வரும். திரும்பி வந்தது அடுத்தவருக்குச் செல்லும். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று பார்த்தால் போதும். பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் வெளிச்சுவரில் முறையான அனுமதியுடன் தனி மீட்டரோடு ஓர் இணைப்பு அமைத்துக் கொடுத்தால், சுவர் இல்லாதவருக்குச் சுவரும் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் உங்கள் முதல் வண்டியை வாங்குவீர்கள். விளம்பரம் ஒரு விலையைச் சொல்லும். நண்பன் ஓர் அனுபவத்தைச் சொல்வான். தவணைக்காரர் மாதத்தொகையை மட்டும் சொல்வார். மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு நோட்டை எடுத்து, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். எரிபொருள், காப்பீடு, தேய்மானம், சேமஅச்சு என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். மொத்தத்தைக் கிலோமீட்டரால் வகுத்து, அடியில் தேதியைப் போடுங்கள். வந்த எண் பெட்ரோலைக் காட்டினாலும் மின்சாரத்தைக் காட்டினாலும், பேருந்தே போதும் என்று காட்டினாலும், அதன்படி நடக்கத் தயங்க வேண்டாம்.